வேலை மாறி, நாடு மாறி, கனடாவில் கமர்ஷியல் பைலட் ஆவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) கிடைத்து கனடா வந்து இறங்கியபோது எனக்கு 34 வயது, மகளுக்கு நான்கு. அதற்கு நான்கரை ஆண்டுகள் கழித்து, வடமேற்கு ஒன்டாரியோவில் ஒரு பிலாட்டஸ் பிசி-12 விமானத்தின் வலது பக்க இருக்கையில், அதாவது துணை பைலட்டாக, சம்பளத்துக்கு உட்கார்ந்தேன். நடுவில் அம்மா போனில் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஏங்கண்ணு, நல்லா ஓடிட்டிருக்கற வேலைய உட்டுப்போட்டு இந்த வயசுல இது எதுக்கு?"

அந்த நான்கரை ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஓராண்டு வீணாய்ப் போனது. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் காரணம். இருபது வயதுப் பையனுக்கு ஓராண்டு போனால் பெரிய இழப்பில்லை. குடும்பம், வாடகை, வயது மூன்றையும் சுமந்துகொண்டு வருகிறவருக்கு அது பெரிய இழப்பு. அதனால் இதை வரிசைப்படியே எழுதுகிறேன்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். கனடாவில் பைலட் ஆக பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பி.காம். படித்தவரும் வரலாம். பட்டமே தேவையில்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 18. சர்வதேச வழித்தடங்களில் பயணிகள் விமானம் ஓட்ட மேல் வரம்பு 65. நாற்பதில் முதல் வேலை கிடைத்தாலும் இருபத்தைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன.

முதலில் மெடிக்கல்

ஒரு டாலர் செலவு செய்வதற்கு முன்னால் கேட்டகரி 1 மெடிக்கலை, அதாவது பைலட்டுக்கான மருத்துவச் சான்றிதழை, முடியுங்கள். தனியார் லைசென்ஸான பிபிஎல்லுக்கு கேட்டகரி 3 போதும் என்று பள்ளிகள் சொல்லும். அது உண்மைதான், ஆனால் உங்கள் நோக்கம் வேலை. கமர்ஷியல் லைசென்ஸான சிபிஎல்லுக்கு கேட்டகரி 1 கட்டாயம். முப்பதாயிரம் டாலர் செலவழித்த பிறகு இதயத்திலோ கண்ணிலோ ஏதோ சிக்கல் என்று தெரிய வந்த ஒருவரை எனக்குத் தெரியும். முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் இதைச் செய்ய முடியாது. விமானப் போக்குவரத்துக்கு டிரான்ஸ்போர்ட் கனடா (கனடா அரசின் போக்குவரத்துத் துறை) அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. முதல் பரிசோதனையில் ஈசிஜி, காது கேட்கும் திறன், சிறுநீர், ரத்த அழுத்தம், கண், நிறம் பிரித்தறிதல் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையாகாது. கண்ணாடியோடு பார்வை அளவுக்குள் வந்தால் சரி. நிறக்குருடுதான் பலரை எதிர்பாராமல் நிறுத்துகிறது. புள்ளிகளுக்குள் எண் தெரியும் அந்தப் படங்களில் தவறினாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை, மேற்கொண்டு வேறு சோதனைகள் உண்டு.

நம்மவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம் வீடுகளில் சாதாரணம். இருந்தால் மறைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியாக ஆராய்ந்தே முடிவு செய்கிறார்கள். மறைத்துக் கையெழுத்துப் போட்டால் அது சட்டப்படி குற்றம், லைசென்ஸும் போகும். மருத்துவர் பார்த்து முடித்ததும் கோப்பு டிரான்ஸ்போர்ட் கனடாவின் மருத்துவப் பிரிவுக்குப் போகும். சான்றிதழ் வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அந்தக் காத்திருப்பை அடுத்த வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

குடியேற்றத் தாள்கள்

இரண்டு வழிகள். ஒன்று, இப்போதைய தொழிலை வைத்தே எக்ஸ்பிரஸ் என்ட்ரி மூலம் பிஆர் வாங்கி வந்து, இங்கே வேலை பார்த்துக்கொண்டு பறக்கக் கற்பது. மற்றது, மாணவர் அனுமதியில் வந்து முழு நேரமும் பயிற்சி எடுப்பது. வாய்ப்பிருந்தால் முதல் வழியையே எடுங்கள் என்பேன். மாணவர் வழியில் பயிற்சி சீக்கிரம் முடியும். ஆனால் முடித்த பிறகு வேலை அனுமதி எளிதாகக் கிடைப்பதில்லை. பறக்கும் பள்ளியில் படித்தவர்கள் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி பெற, கனடாவின் சிபிஎல்லோடு இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கான வாக்குறுதியும் கையில் இருக்க வேண்டும். கல்லூரிப் பட்டயத்தோடு இணைந்த பறக்கும் படிப்புகளுக்கு விதி வேறு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் மாதத்தில் குடியேற்றத் துறையின் தளத்திலேயே படித்துவிடுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் உண்டு. பெரிய விமான நிலையங்களின் உள்பகுதியில் வேலை செய்ய ஒரு பாதுகாப்பு அட்டை வேண்டும். அதற்கான விசாரணையில் உங்களைப் பற்றிக் கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான, சரிபார்க்கக்கூடிய விவரம் கேட்பார்கள். நாம் வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தால் மீதி இரண்டு ஆண்டுகள் ஊரில் அல்லவா இருக்கின்றன? அதனால் கிளம்பும் முன்பே பழைய கம்பெனியிலிருந்து சேர்ந்த தேதி, விலகிய தேதி போட்ட கடிதம், குடியிருந்த முகவரிகள், போலீஸ் நற்சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்து வாருங்கள். நான் கொண்டு வரவில்லை. என் தம்பி கோயம்புத்தூரில் பழைய மனிதவளப் பிரிவுக்கு நான்கு முறை அலைந்தான்.

ஊரிலேயே சிபிஎல் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய, இலங்கை லைசென்ஸ் இங்கே அப்படியே செல்லாது. ஆனால் பறந்த மணிகள் கணக்கில் சேரும். மெடிக்கல், எழுத்துத் தேர்வு, ஃபிளைட் டெஸ்ட் ஆகியவற்றை இங்கே முடிக்க வேண்டும். பறந்த மணிகளைப் பதியும் லாக்புக்கில் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தும் முத்திரையுமாக ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டு வாருங்கள்.

பணம்

ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து சிபிஎல், அதன் மேல் இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டும் மல்டி இன்ஜின் ரேட்டிங், வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் (ரேட்டிங் என்றால் லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதி) வரை 80,000 முதல் 1,10,000 கனடிய டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 92,000 ஆனது. பள்ளியின் விலைப்பட்டியல் குறைந்தபட்ச மணிகளை வைத்துப் போட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே கற்கிற யாரும் குறைந்தபட்ச மணிகளில் முடித்து நான் பார்த்ததில்லை. பட்டியலில் உள்ள தொகையோடு நான்கில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது நியாயமான கணக்கு.

பிபிஎல்லுக்கான பணம் முழுவதும் கையில் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மாதம் இரண்டு முறை பறந்து கற்கலாம் என்று நானும் நினைத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனால், போன வகுப்பில் கற்றதைத் திரும்பப் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும். அந்த நேரத்துக்கும் மீட்டர் ஓடும். முதல் எட்டு மாதங்களில் 22 மணி பறந்தேன், சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக, போகவில்லை. பிறகு நிறுத்திவிட்டு ஆறு மாதம் பணம் சேர்த்துத் திரும்பி வந்து வாரம் மூன்று முறை பறந்தேன். ஐந்தே வாரங்களில் சோலோ போனேன்.

மொத்தப் பணத்தையும் பள்ளியில் முன்பணமாகக் கட்டாதீர்கள். தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். நான் முதலில் சேர்ந்த பள்ளியில் பத்தாயிரம் டாலர் கட்டினேன். மூன்று விமானங்களில் இரண்டு பழுதுபார்ப்புக்குப் போயின, என் இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைனுக்குப் போய்விட்டார், மூன்று மாதம் பறக்கவே இல்லை. மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு இரண்டு மாதம் ஆனது. பறக்கப் பறக்கக் கட்டுவதுதான் பாதுகாப்பு. கமர்ஷியல் லைசென்ஸை நோக்கிய பயிற்சிக் கட்டணத்துக்கு வருமான வரியில் சலுகை உண்டு, டி2202 படிவத்தைப் பள்ளியிடம் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

டொரான்டோ பக்கம் இருப்பவர்களுக்குப் பிராம்ப்டன், ஓஷவா, வாட்டர்லூ, பீட்டர்பரோ விமான நிலையங்களில் பள்ளிகள் இருக்கின்றன. மார்க்கம், ஸ்கார்பரோ தமிழர்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே இருந்த பட்டன்வில் நிலையம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கிருந்து ஓஷவாவுக்குத்தான் ஓட வேண்டும்.

நேரில் போய் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன? பழுதுபார்க்கும் கூடம் சொந்தமா, வெளியாளா? ஓர் இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை மாணவர்கள்? கிளாஸ் 1 அல்லது கிளாஸ் 2 இன்ஸ்ட்ரக்டர் யார்? கிளாஸ் 4 என்பது தொடக்க நிலை, கிளாஸ் 1 உயர்ந்த நிலை. கிளாஸ் 4 இன்ஸ்ட்ரக்டர்கள் பெரும்பாலும் மணி சேர்க்க வந்த இளைஞர்கள், நல்லவர்கள், ஆனால் வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நாளை நாமும் அதைத்தான் செய்வோம். ஆகவே பயிற்சிப் பதிவேட்டை ஒவ்வொரு வாரமும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆள் மாறினாலும் பள்ளி மாறினாலும் கற்றதற்குச் சான்று உங்களிடம் இருக்கும்.

பிபிஎல்: சோலோவும் முதல் லைசென்ஸும்

தனியாகப் பறக்கும் முன் மாணவர் பைலட் அனுமதி வேண்டும். அதற்கு பிஸ்டார் என்ற தேர்வு: 50 கேள்வி, 90 சதவீதம் எடுக்க வேண்டும். கேள்விகள் எல்லாமே டிரான்ஸ்போர்ட் கனடா வெளியிட்ட தொகுப்பிலிருந்துதான் வரும், படித்தால் போதும். ரேடியோ சான்றிதழ் தனி. மொழித் தேர்வும் உண்டு. அது பேச்சுத் தேர்வு, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கொடுக்கலாம். எக்ஸ்பர்ட் நிலை கிடைத்தால் வாழ்நாளுக்கும் போதும், ஆபரேஷனல் நிலை என்றால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை திரும்பக் கொடுக்க வேண்டும்.

ரேடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வேலை பார்த்த நமக்கே இது முதலில் தடுமாறும். உச்சரிப்பை விட நம் வேகம்தான் சிக்கல். பதற்றத்தில் நாம் வேகமாகப் பேசுகிறோம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் "திரும்பச் சொல்லுங்கள்" என்கிறார், நாம் இன்னும் வேகமாகச் சொல்கிறோம். விமான ரேடியோ பேச்சுகளை நேரலையில் தரும் லைவ்ஏடிசி தளத்தில் உங்கள் நிலையத்தின் அலைவரிசையைத் தினமும் அரை மணி நேரம் கேளுங்கள். நான் வேலைக்குப் போகும் பேருந்தில் கேட்டேன். மகள் தூங்கிய பிறகு மனைவி கோபுரமாகவும் நான் விமானமாகவும் சமையலறையில் பேசிப் பழகினோம். ஆறு வாரத்தில் பயம் போனது.

பிபிஎல்லுக்குச் சட்டப்படி 45 மணி. அதில் இன்ஸ்ட்ரக்டரோடு 17, தனியாக 12. நடைமுறையில் 60, 70 மணி ஆகும். கிரவுண்ட் ஸ்கூல் எனும் பாட வகுப்பு 40 மணி. எழுத்துத் தேர்வில் நூறு கேள்வி, மொத்தத்திலும் ஒவ்வொரு பகுதியிலும் 60 சதவீதம் வேண்டும். வானிலைப் பகுதிதான் நம்மவர்களை உலுக்கும். பருவமழையும் வெயிலும் பார்த்து வளர்ந்த நமக்கு வெப்ப முகப்பு, குளிர் முகப்பு, உறைமழை எல்லாம் புத்தகத்தில் மட்டும் இருப்பவை. ஒரு குளிர்காலம் முழுவதும் தினமும் காலையில் வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு ஜன்னலைத் திறந்து பாருங்கள், மெல்லப் பிடிபடும்.

தனியாகப் போகும் நீண்ட பயணம் குறைந்தது 150 கடல் மைல், வழியில் இரண்டு இடத்தில் இறங்க வேண்டும். நான் பிராம்ப்டனிலிருந்து வையார்ட்டன், அங்கிருந்து ஒன்டாரியோவின் லண்டன், பிறகு வீடு. ஹியூரான் ஏரி வலது பக்கம் கடல் போல விரிந்து கிடக்க, ஒற்றை இன்ஜின் செஸ்னா 172-ல் பக்கத்து இருக்கை காலியாக இருந்த அந்த மதியத்தை விட நல்ல மதியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இரவு ரேட்டிங்கை உடனே எடுங்கள்

பிபிஎல் கையில் வந்ததும் பலர் நேராக மணி சேர்க்கப் போகிறார்கள். நான் இரவு ரேட்டிங்கைத்தான் அடுத்து வைப்பேன். டிசம்பரில் தென் ஒன்டாரியோவில் ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பகலில் வேலைக்குப் போகிறவருக்கு இரவு ரேட்டிங் இல்லையென்றால் குளிர்காலத்தில் சனி, ஞாயிறு மட்டும்தான். அந்த நாளில் பனி கொட்டினால் அதுவும் போச்சு. இரவில் பறக்கும் தகுதி இருந்தால் வேலை முடித்து ஆறு மணிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் பறந்து வரலாம். காற்றும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பின்னால் ஏர்லைன் லைசென்ஸுக்கு 100 மணி இரவுப் பறப்பு வேண்டும், அதற்கும் இப்போதே சேரத் தொடங்கும்.

200 மணி

சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி, அதில் 100 மணி விமானத்தின் பொறுப்பாளராக. பிபிஎல்லுக்குப் பிறகு 65 மணி கமர்ஷியல் பயிற்சி, இன்ஸ்ட்ரக்டரோடு 35, தனியாக 30. இங்கேதான் பணம் கரையும், இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். பள்ளியைச் சுற்றி வட்டமடித்து மணி சேர்க்காதீர்கள். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்குக்கு 50 மணி தொலைதூரப் பயணம் வேண்டும், ஏர்லைன் லைசென்ஸுக்கு 100. ஒரே மணியை மூன்று கணக்கில் எழுத முடியும்போது ஏன் விட வேண்டும்?

கமர்ஷியல் பயிற்சியில் ஒரு பயணம் புறப்பட்ட இடத்திலிருந்து குறைந்தது 300 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும், வழியில் மூன்று இறக்கம். பிராம்ப்டனிலிருந்து மான்ட்ரியால் போனாலும் போதாது. நான் கிங்ஸ்டனில் இறங்கி, மான்ட்ரியாலைத் தாண்டி துருவா ரிவியேர் வரை போனேன். கியூபெக்கில் ரேடியோவில் பாதிப் பேர் பிரெஞ்சில் பேசுகிறார்கள். சுற்றியுள்ள விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று புரியாமல் கொஞ்சம் வியர்த்துவிட்டது. போகும் முன் திசைகள், உயரம், எண்கள் ஆகியவற்றின் பிரெஞ்சுச் சொற்களைக் கற்றுக்கொண்டு போங்கள்.

கமர்ஷியல் ஃபிளைட் டெஸ்ட்டில் ஸ்பின் உண்டு. விமானம் சுழன்று கீழே போகும், நீங்கள் நிறுத்தி எடுக்க வேண்டும். ஒரு வாரம் பயந்தேன், மூன்று முறை செய்த பிறகு அது வெறும் வரிசைதான் என்று தெரிந்தது: பவரைக் குறை, எதிர்ப்பக்க ரடர் (வாலில் உள்ள திசைத் தகட்டின் மிதி), யோக்கை (கைப்பிடியை) முன்னே தள்ளு, சுழற்சி நின்றதும் நிதானமாக இழு.

மல்டியும் ஐஎஃப்ஆரும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரட்டை இன்ஜின் விமானத்தின் வாடகை செஸ்னாவைப் போல இருமடங்குக்கு மேல். எனவே மல்டி ரேட்டிங்கையும் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து முடியுங்கள். இன்ஸ்ட்ரூமென்ட்டுக்கு 40 மணி, அதில் 20 மணி வரை சிமுலேட்டரில் எடுக்கலாம், சிபிஎல்லில் எடுத்த இன்ஸ்ட்ரூமென்ட் மணிகளும் இதில் சேரும். இதற்கான இன்ராட் எழுத்துத் தேர்வில் 70 சதவீதம் வேண்டும். சிபிஎல் பயிற்சி நடக்கும்போதே இதைப் படித்து எழுதிவிடுங்கள். ஐஎஃப்ஆர், அதாவது இந்த இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் தேர்ச்சிக்கு 24 மாதக் காலவரம்பு உண்டு. வேலை தேடத் தயாராகும் நேரத்தில் எடுத்தால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும்.

முதல் வேலை

200 மணி பைலட்டை ஏர்லைன் எடுப்பது அரிது. இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று இன்ஸ்ட்ரக்டர் ஆவது: கிளாஸ் 4 ரேட்டிங்குக்கு இன்னும் 30 மணி பறப்பு, 25 மணி வகுப்பு. குடும்பத்தோடு அதே ஊரில் இருக்கலாம். ஆனால் வானிலை மோசமான மாதத்தில் சம்பளமும் மோசம். மற்றது வடக்கே போவது. தண்டர் பே, சூ லுக்அவுட், தாம்ஸன், யெல்லோநைஃப் போன்ற ஊர்களிலிருந்து சாலையே இல்லாத பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கு ஆட்களையும் சரக்கையும் நோயாளிகளையும் ஏற்றிப் போகும் கம்பெனிகள் உண்டு. அங்கே சேர்ந்ததும் விமானம் தர மாட்டார்கள். சில மாதங்கள், சில நேரம் ஓராண்டு, விமானங்கள் நிற்கும் தளமான ராம்ப்பில் வேலை: பெட்டி ஏற்று, பனி தள்ளு, இறக்கையில் உள்ள பனியை நீக்கு, இன்ஜினைச் சூடாக்கு.

38 வயதில், மைனஸ் 30 குளிரில், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்களோடு அரிசி மூட்டையும் பால் பெட்டியும் ஏற்றினேன். அந்த எட்டு மாதங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்கவில்லை. 1989 மார்ச் 10 அன்று தண்டர் பேயிலிருந்து வின்னிபெக் போகும் வழியில் டிரைடனில் இறங்கிய ஏர் ஒன்டாரியோ ஃபோக்கர் விமானம், இறக்கையில் பனியோடு திரும்பக் கிளம்பி விழுந்தது. 24 பேர் இறந்தார்கள். கனடாவின் பனி நீக்க விதிகள் இறுகியது அதன் பிறகு நடந்த விசாரணையால்தான். டிரைடன் எங்கள் வழித்தடத்தில் இருக்கிறது. இறக்கையைக் கையால் தடவிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

நேர்காணலில் பழைய வேலையைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். பம்ப் தொழிற்சாலையில் ஒரு பாகம் அளவுக்கு வெளியே போனால் லைனை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது, இரண்டு முறை மேலாளர் கோபித்தும் நிறுத்தினேன் என்று சொன்னேன். அந்தத் தலைமை பைலட் அதற்கு மேல் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. முடிவெடுத்துப் பழகியவர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். நர்ஸ், டிரைவர், கணக்காளர், ஆசிரியர் யாராக இருந்தாலும் அப்படி ஒரு நாள் உங்களிடமும் இருக்கும்.

பழைய தொழிலின் சான்றிதழ்களைக் காலாவதி ஆகவிடாதீர்கள். 2001, 2008, 2020 என்று இந்தத் துறை திடீரென்று ஆட்களை நிறுத்திய ஆண்டுகள் உண்டு. அப்படி ஒன்று வந்தால் வாடகை கட்ட இன்னொரு கை இருக்க வேண்டும்.

குடும்பத்தை உடனே வடக்கே கூட்டிப்போக வேண்டியதில்லை. பல கம்பெனிகளில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்ற முறை உண்டு. நேர்காணலிலேயே கேளுங்கள், கேட்பது தவறில்லை. நான் பிராம்ப்டன் வீட்டை விடவில்லை. வடக்கே இருக்கும் இரண்டு வாரமும் மாலையில் ஏர்லைன் லைசென்ஸுக்கான சாம்ரா, சாரோன் தேர்வுகளுக்குப் படிக்கிறேன். அந்த லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும், என் லாக்புக்கில் இப்போது 1,140 இருக்கிறது.